கைதானவரின் உடம்பை யார் கணக்கெடுப்பது?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் நம் தெருப் பையன்களுக்கு இரண்டு வகை வேலை வந்துவிடும். ஒன்று கூலி வேலை. விடுதிகளில் பாத்திரம் கழுவுவது, ஐந்தருவிப் பாதையில் பழக்கடைக்கு மூட்டை இறக்குவது, வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதுவது. இன்னொன்று, காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருவது. கூட்டம் பெருகும் காலத்தில் சோதனையும் பெருகும். புளியரைச் சாவடியைத் தாண்டினால் கேரளம் என்பதால் செங்கோட்டைப் பாதையில் எப்போதும் ஒரு கண் இருக்கும். கஞ்சா கடத்துபவன் காரில் போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். நடந்து போகிறவன்தான் சட்டென்று கைக்கு அகப்படுகிறான்.

சில சீசனுக்கு முன்னால் ஓர் இரவு, பீடி சுற்றும் ஓர் அம்மாவிடமிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. விடுதியில் வேலை பார்த்த மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம், சட்டைப் பையில் சிறு பொட்டலம் இருந்ததாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. பையனை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். நாங்களும் பின்னால் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் மருத்துவர், இந்தப் பக்கம் பையன், நடுவில் காவலர். "உடம்புக்கு எதுவும் இருக்கா?" என்று கேட்டார் மருத்துவர். "நல்லாத்தான் இருக்கான் சார்" என்று காவலர் சொன்னார். தாளில் கையெழுத்து விழுந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பையனுடைய கை அப்போதே நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் நடுங்குகிறான் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். அந்தத் தவறு எங்களுடையதும்தான்.

இரண்டாம் நாள் இரவு சிறையில் அவனுக்கு வலிப்பு வந்தது. நல்லவேளை, உயிர் தப்பினான். அவனுடைய அம்மா எங்களிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "எய்யா, அவன் தினமும் குடிக்கான்னு ஊருக்கே தெரியும். அந்த டாக்டரு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு நினைவு தடுமாறிப் பிதற்றல் வரலாம், சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். முதலிலேயே தெரிந்துகொண்டால் மாத்திரை கொடுத்துத் தடுத்துவிட முடியும். கைதான முதல் 48 மணி நேரம் என்பது சட்டத்துக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் முக்கியமான நேரம்.

சட்டம் இதைச் சொல்லாமல் விடவில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டி.கே.பாசு வழக்கில் தந்த தீர்ப்பு, காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆவது பிரிவு, கைதானவரை உடனே மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும், அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்கிறது. காவலில் இருப்பவரின் உடல்நலத்துக்குப் பொறுப்பு காவலில் வைத்திருப்பவருடையது என்று 56ஆவது பிரிவு சொல்கிறது. காயம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பழக்கம் இருக்கிறதா என்று கேட்பதுதான் வழக்கமாகவில்லை.

வேறு நாடுகளில் இதை ஒரு கணக்கெடுப்பாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1987இல் நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கைதாகி 48 மணி நேரத்துக்குள் இருப்பவர்களிடம் நேர்காணல் நடத்தி, சிறுநீர் மாதிரியும் வாங்கினார்கள். பிறகு அதுவே 'ஆடம்' என்ற பெயரில் விரிவாக்கப்பட்டு, 2003இல் நிறுத்தப்பட்டு, 2007இல் சில ஊர்களில் மட்டும் மறுபடி தொடங்கி, சில ஆண்டுகளில் பணம் இல்லை என்று மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 1999இல் தொடங்கிய இதே மாதிரியான திட்டம் நீண்ட காலம் நடந்தது. எந்த ஊரில் எந்தப் போதைப்பொருள் புதிதாக நுழைகிறது என்பது மருத்துவமனைக்குத் தெரியும் முன்பே இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். அமெரிக்காவின் மேற்குக் கரை நகரங்களில் மெத்தாம்பெட்டமைன் பரவியிருப்பதும் கிழக்கில் அது குறைவாக இருப்பதும் அப்படித்தான் எண்களில் தெரிந்தன.

அங்கே ஒரு நிபந்தனை இருந்தது. நம் மாணவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். விருப்பம் இருந்தால்தான் மாதிரி தரலாம். அதில் பெயர் கிடையாது. முடிவு காவல்துறையிடமோ நீதிமன்றத்திடமோ போகாது, வழக்கிலும் சேராது.

இங்கே நிலைமை வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 27ஆவது பிரிவின்படி உட்கொள்வதே குற்றம். கஞ்சா என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே நம் பையன் தரும் சிறுநீர்க் குப்பி ஆய்வுக்கு மட்டும் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கைதானவரின் கண்மணிப் பதிவு முதல் உடல் மாதிரி வரை எடுக்க அனுமதிக்கிறது. அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். போதாததற்கு நம் மாநிலத்தில் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று ஊரெல்லாம் சொல்வது அதைத்தான். போதைப்பொருள் குற்றவாளி என்று முத்திரை குத்தினால் விசாரணை இல்லாமலே ஓராண்டு உள்ளே வைக்கலாம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை பதிந்து வாழ்ந்த மக்கள் இருக்கும் தென் மாவட்டத்தில், அரசாங்கம் "கண்காணிப்பு" என்று சொன்னால் நமக்கு நலத்திட்டம் நினைவுக்கு வருவதில்லை.

அதனால் கணக்கெடுப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கணக்கு இல்லாததால் இழப்பது நாம்தான். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, வீடு வீடாகப் போய்க் கேட்டது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள், 2.8 விழுக்காட்டினர் கஞ்சா, பாங்கு போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்று அது சொன்னது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சிறையில் இருப்பவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் சொல்கிறது. கைதான அன்று ஒருவர் எந்தப் பழக்கத்தில் இருந்தார், அவருக்குச் சிகிச்சை கிடைத்ததா என்பதை இந்த இரண்டு புத்தகங்களிலும் தேடிப் பார்த்தோம். இல்லை.

இல்லாத கணக்கு எப்படிப் பயன்படும் என்பதைச் சென்னையில் பார்த்தோம். 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் 2021 டிசம்பரில் தொடங்கிய நடவடிக்கை 2022 ஏப்ரலில் இரண்டாம் சுற்றில் இருந்தது. 18ஆம் தேதி இரவு ஆட்டோவில் வந்த 25 வயதுப் பட்டியல் சாதி இளைஞர் ஒருவரை, கஞ்சா வைத்திருந்தார் என்று பிடித்தார்கள். மெரினா கடற்கரையில் குதிரை ஓட்டிப் பிழைத்தவர். மறுநாள் இறந்துபோனார். வலிப்பு வந்தது என்று காவல்துறை சொன்னது. உடற்கூறாய்வில் 13 காயங்கள் வெளியே வந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது, கொலைப் பிரிவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தன. கைதானவுடன் ஒழுங்காகப் பரிசோதித்து, பழக்கம் என்ன, நடுக்கம் உண்டா, காயம் உண்டா என்று எழுதி வைத்திருந்தால் 'வலிப்பு' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் யாரும் ஒளிய முடியாது. உண்மையிலேயே வலிப்பு வரக்கூடியவரும் பிழைத்துக்கொள்வார்.

சிறைக்குள்ளும் நாம் எப்படி எண்ணப்பட்டோம் என்பது பாளையங்கோட்டைக்குத் தெரியும். அந்தச் சிறையில் சாதிவாரியாக அடைத்து வைத்ததைப் பற்றிய பழைய வழக்கு, 2024 அக்டோபர் 3ஆம் தேதி சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் பேசப்படுகிறது. சாதிப்படி பிரித்து அடைப்பதும் வேலை கொடுப்பதும் அரசமைப்புக்கு விரோதம் என்றது அந்தத் தீர்ப்பு. அறையைப் பிரிக்க மட்டும் சாதியைக் கேட்ட இடத்தில், மருந்து கொடுக்கப் பழக்கத்தைக் கேட்கவில்லை.

கேட்க வேண்டியதை மருத்துவர் கேட்கட்டும். காவலர் அறைக்கு வெளியே நிற்கட்டும். பதில் மருத்துவச் சீட்டில் இருக்கட்டும், முதல் தகவல் அறிக்கைக்குப் போக வேண்டாம். பெயரை நீக்கிவிட்டு, மாவட்டவாரியாக எண்ணை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை அரசு வெளியிடட்டும். போதைப்பொருள் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. 71ஆவது பிரிவு சிகிச்சை மையம் அமைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. தானாகச் சிகிச்சைக்கு வரும் போதை அடிமைக்குச் சிறு அளவு வழக்குகளில் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. 39ஆவது பிரிவு தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டு அரசு 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மறுவாழ்வு மையங்களைத் திறந்தது. காவல் நிலையத்திலிருந்து அந்த வாசலுக்கு ஒரு பாதை போட வேண்டும்.

அதுவரை நம் வீட்டில் யாராவது பிடிபட்டால் ஒன்று செய்யுங்கள். குடிப்பழக்கமோ வேறு பழக்கமோ இருந்தால், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீதிபதி முன் நிறுத்தும்போது வழக்கறிஞர் மூலம் அதைச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால் 15100க்கு அழைத்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும். பழக்கத்தை விட உதவி வேண்டுமானால் 14446. பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது உரிமை.

அந்தப் பையன் இப்போது புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தூக்குகிறான். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கப் போகிறான். அன்றைக்கு எழுதிய மருத்துவத் தாளின் நகல் எங்கள் பையில் இருக்கிறது. பெயர், வயது, அங்க அடையாளம் இரண்டு, வெளிக்காயம் இல்லை, கையெழுத்து. குடிப்பாரா என்று கேட்க அந்தத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.