லாண்ட்ஸ் எண்ட் வானூர்தி நிலையம்

லாண்ட்ஸ் எண்ட் வானூர்தி நிலையம் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கோர்ன்வால் மாவட்டத்தின் சென்ட் ஜஸ்ட் என்ற சிற்றூருக்கு அருகில் அமைந்துள்ள ஒரு சிறிய வானூர்தி நிலையம் ஆகும். இங்கிருந்து சில்லி தீவுகளின் முதன்மைத் தீவான சென்ட் மேரீசுக்குக் குறுந்தொலைவுப் பறப்புகள் நடைபெறுகின்றன. (இத்தீவுகளைத் தென் அமெரிக்க நாடான சிலியுடன் குழப்பிக் கொள்ளலாகாது.) கடலைக் கடக்கச் சுமார் 20 நிமிடங்களே ஆகும். 2014 ஆம் ஆண்டு வரை இந்நிலையத்தின் நான்கு ஓடுபாதைகளும் புல்தரையாகவே இருந்தன.

வரலாறு

1937 செப்டம்பரில் சானல் ஏர் பெரீஸ் என்ற நிறுவனம் இங்கிருந்து சேவையைத் தொடங்கியது. அப்போது சென்ட் மேரீசில் வானூர்தி நிலையம் இல்லாமையால், டி ஹாவிலாண்ட் டிராகன் வகை இரட்டைத்தட்டு வானூர்திகள் அங்குள்ள கோல்ஃப் மைதானத்திலேயே இறங்கின. தீவின் வானூர்தி நிலையம் 1939 இல் திறக்கப்பட்டது. 1941 ஜூன் 3 அன்று இவ்வழியில் சென்ற டிராகன் ஒன்றைச் செருமானியப் போர் வானூர்தி சுட்டு வீழ்த்தியதில் அதிலிருந்த அனைவரும் இறந்தனர். போருக்குப் பின் பிரித்தானிய ஐரோப்பிய ஏர்வேஸ் நிறுவனம் டிராகன் ராபிட் வானூர்திகளைக் கொண்டு சேவையை நடத்தியது. 1964 இல் அவற்றின் இடத்தை உலங்கு வானூர்திகள் பிடித்தன. அதே ஆண்டில் அச்சேவை பென்சான்ஸ் நகருக்கு மாற்றப்பட்டது. 1984 முதல் ஸ்கைபஸ் நிறுவனம் ஐலண்டர் வகைச் சிறிய வானூர்திகளை இயக்கத் தொடங்கியது; டுவின் ஒட்டர் வானூர்திகள் பின்னர் சேர்ந்தன.

ஓடுபாதைகள்

இவ்வளவு சிறிய நிலையத்துக்கு நான்கு ஓடுபாதைகள் ஏன் என்ற கேள்வி எழலாம். வானூர்தி காற்றை எதிர்த்து ஓடினால் குறைந்த தொலைவிலேயே மேலெழும்ப முடியும். பக்கக் காற்று எடை குறைந்த வானூர்தியைப் பாதையிலிருந்து எளிதில் விலக்கிவிடும். அத்திலாந்திக் கரையில் காற்று பல திசைகளிலிருந்தும் வீசுவதால், பல திசைகளில் பாதைகள் தேவைப்பட்டன. ஓடுபாதையின் பெயர் அதன் திசையைக் காந்தவடக்கிலிருந்து அளந்த பாகைகளில் பத்தின் மடங்காகக் குறிக்கும். 07/25 என்பது 70, 250 பாகைகளை நோக்கும் ஒரே பாதையின் இரு முனைகள் ஆகும்.

புல்தரையை அமைக்கச் செலவு குறைவு. புல்லை அவ்வப்போது வெட்டி, மண்ணை உருளையால் அழுத்தி வந்தால் போதும். ஆனால் மண் நீரில் ஊறிவிட்டால் சக்கரங்கள் அழுந்துகின்றன, ஓட்டத்துக்கு எதிரான இழுவை மிகுந்து மேலெழும்பத் தேவையான தொலைவு நீள்கிறது. ஈரப்புல்லில் தடை பிடிப்பதும் கடினம். முழுச் சுமையுடன் 5,600 கிலோகிராமுக்கும் சற்றுக் கூடுதலான டுவின் ஒட்டருக்கு இது சிறிய இடர் அன்று.

பென்சான்ஸ் உலங்கு வானூர்திச் சேவை 2012 அக்டோபருடன் நின்றபோதுதான் இப்புல்லின் உண்மையான விலை தெரிந்தது. அக்காலத்தில் பயணிகள் கப்பல் குளிர்காலத்தில் ஓடவில்லை. எனவே ஏறத்தாழ 2,000 தீவு மக்கள் குளிர்காலத்தில் பெருநிலத்துக்குச் செல்லச் சிறிய வானூர்திகளையே நம்பியிருந்தனர். அடுத்து வந்த இரு குளிர்காலங்களிலும் பெய்த பெருமழையால் ஓடுபாதைகளில் நீர் தேங்கி, நிலையம் நாட்கணக்கில் மூடப்பட்டது. உள்ளூரில் கிடைக்காத சிகிச்சைக்காக கோர்ன்வால் மருத்துவமனைகளுக்குச் செல்ல வேண்டியவர்களுக்கு இது வெறும் பயணத் தாமதம் அன்று. நியூகீ நிலையத்துக்குப் பறப்புகளை மாற்ற முடிந்தது. ஆயினும் அது தொலைவில் இருந்தது.

2014 கோடையில் 07/25, 16/34 ஆகிய இரு பாதைகளுக்குத் தார்த்தளம் இடப்பட்டது. மற்ற இரண்டும் புல்லாகவே விடப்பட்டன. இதனால் சேற்றுச் சிக்கல் தீர்ந்ததே தவிர மூடுபனி தீரவில்லை. நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மேட்டில் ஏறும்போது குளிர்ந்து தாழ்ந்த முகிலாகிறது. கீழே பென்சான்சில் வானம் தெளிவாக இருக்கையிலும் இங்கே ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு. பென்சான்சிலிருந்து உலங்கு வானூர்திச் சேவை 2020 இல் மீண்டும் தொடங்கியது.