பிரெஞ்சில் 98 மார்க்... பேசச் சொன்னால்?

பிளஸ் ஒன் சேர்க்கை நேரத்தில் சென்னைப் பெற்றோர் மத்தியில் தவறாமல் காதில் விழும் யோசனை இது: "பிரெஞ்சு எடுத்தா மார்க்கை அள்ளிடலாம்." பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. அள்ளிய மார்க் மொழியில் எந்தப் படிக்கட்டு வரை ஏற்றிவிடும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

படிக்கட்டுகள் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம், ஏ1-லிருந்து சி2 வரை ஆறு நிலைகளைச் சொல்கிறது. மூன்றாவதான பி1-தான் இடைநிலை. பழகிய விஷயங்களைப் பற்றித் தெளிவாகப் பேசினால் புரிந்துகொள்வது, பயணத்தில் வரும் சிக்கலைப் பேசிச் சமாளிப்பது, நடந்ததை விவரித்துத் தன் கருத்துக்குக் காரணம் சொல்வது ஆகியவை இந்த நிலையின் அடையாளங்கள். இதை எட்ட, தொடக்கத்திலிருந்து சுமார் 350 முதல் 400 மணி நேரப் பயிற்சி தேவை என்பது பொதுவான மதிப்பீடு. வாரம் இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 35 வாரம் என்று வைத்தால் பள்ளியில் கிடைப்பது ஆண்டுக்கு 70 மணி. ஆறாம் வகுப்பில் தொடங்கினால் பத்தாம் வகுப்பு முடியும்போது கணக்கு ஒருவழியாகச் சரிக்கட்டும். பிளஸ் ஒன்னில் புதிதாகத் தொடங்குபவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

மணிக்கணக்கு சரியாக இருந்தாலும், அந்த நேரம் எதில் போகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு பிரெஞ்சில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 20 உள்மதிப்பீட்டுக்கு. பிரான்ஸ் கல்வி அமைச்சகம் வழங்கும் டெல்ஃப் பி1 சான்றிதழ் வேறு மாதிரி. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பிரிவிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. வாசிப்பில் 23, எழுத்தில் 22, கேட்டலில் 8 வாங்கிய பிள்ளை பேச்சில் 4 எடுத்தால், கூட்டுத்தொகை 57 ஆனாலும் தோல்விதான். பேச்சுத் தேர்வு கால் மணி நேரம். அதில் ஒரு பகுதி, தேர்வாளரோடு ஒரு சூழலை நடித்துப் பேசுவது. பழுதான பொருளை மாற்றித் தர மறுக்கும் கடைக்காரராக அவர் உட்கார்ந்திருக்கலாம். தயாராக நேரம் கிடையாது, மனப்பாடக் கட்டுரை உதவாது.

இலக்கணத்தில் இடைநிலை மாணவரை அதிகம் படுத்துவது இறந்தகாலம். நடந்து முடிந்த செயலுக்குப் பாஸே கொம்போஸே. பின்னணிக்கும் வழக்கமாக நடந்ததற்கும் அம்பார்ஃபே. நம் வகுப்புகளில் இதை ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித் தருகிறார்கள். அங்கேதான் சறுக்கல். ஞாயிறுதோறும் போனதையும் நேற்று ஒருமுறை போனதையும் ஆங்கிலம் ஒரே வினைவடிவத்தில் சொல்லிவிடலாம் என்பதால், பிள்ளைகள் இரண்டுக்கும் பாஸே கொம்போஸே எழுதிவிடுகிறார்கள். தமிழில் யோசித்தால் இந்தக் குழப்பம் குறையும். "நேற்று தாத்தா வீட்டுக்குப் போனோம்" என்பது முதல் வகை. "சின்ன வயசில் லீவு விட்டால் தாத்தா வீட்டுக்குப் போவோம்" என்பது இரண்டாவது. வடிவம் எதிர்காலம்தான், ஆனாலும் பழைய வழக்கத்தைச் சொல்கிறோம் என்பதில் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் சந்தேகம் வராது. "மழை பெய்துகொண்டிருந்தது, பஸ் வந்தது" என்பதில் மழைக்கு அம்பார்ஃபே, பஸ்ஸுக்குப் பாஸே கொம்போஸே. மார்க்குக்காகத் தமிழை விட்டு வந்த பிள்ளைக்கு அதே தமிழ் இங்கே கைகொடுப்பது வேடிக்கைதான்.

எல்லா இடத்திலும் இந்தக் குறுக்குவழி இல்லை. சொல்லின் கடைசி எழுத்துகள் பெரும்பாலும் ஒலிக்காமல் போவதும், அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அவற்றில் சில திடீரென்று உயிர் பெறுவதும் கேட்டுக் கேட்டுத்தான் காதில் ஏறும். கோனார் நோட்ஸ் பாணி உழைப்பு இதற்கு உதவாது. வெளிநாட்டு மாணவர்களுக்காகவே எளிய பிரெஞ்சில் செய்தி தரும் ஆர்எஃப்ஐ வானொலி ஒலிபரப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தினம் பத்து நிமிடம் போதும்.

பி1 சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஆனால் பிரான்ஸில் பிரெஞ்சு வழியில் பட்டம் படிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேட்பது அடுத்த படியான பி2. அந்தக் கனவு இருக்கிற வீடுகள், பள்ளியில் சேர்க்கும்போது போன வருட சென்டம் எண்ணிக்கையை விசாரிப்பதோடு நிற்காமல், வாரத்தில் எத்தனை நிமிடம் பிள்ளைகள் வாய் திறந்து பிரெஞ்சு பேசுகிறார்கள் என்றும் கேட்கட்டும்.