சே குவேராவின் மேக்கப் ரூம்

கல்லூரி வாசல், கடற்கரை மணல், ஆட்டோவின் முதுகு என்று எங்கே திரும்பினாலும் ஒருத்தர் நம்மைத் தாண்டி எங்கோ முறைத்துக்கொண்டிருப்பார். நட்சத்திரம் வைத்த தொப்பி, காற்றில் பறக்கும் முடி, அரைகுறைத் தாடி. 'யாருப்பா இவரு?' என்று பனியன் போட்டவரைக் கேட்டுப்பாருங்கள். 'தெரியல சார், கெத்தா இருந்துச்சு, எடுத்தேன்' என்பார் சில பேர். அந்தக் கெத்து எந்தப் பட்டறையில் தயாரானது? வாங்க, சத்தம் போடாமல் மேடைக்குப் பின்பக்கம் நுழைந்துவிடுவோம். போகும்போதே ஒரு துப்பு: கியூபப் புரட்சியாளர் சே குவேராவின் மேக்கப் ரூமில் பவுடர் டப்பாவை விடக் கத்தரிக்கோல்தான் அதிகம்!

கேமராவுக்குப் பின்னால் யார்?

உள்ளே நுழைந்ததுமே ஆச்சரியம். அந்தப் பனியன் படத்தை எடுத்த அல்பெர்டோ கோர்டா போர்முனையில் வளர்ந்த ஆள் இல்லை, ஃபேஷன் போட்டோகிராபர்! ஹவானாவில் ஸ்டுடியோ வைத்து மாடல்களைப் படம் எடுத்துப் பேர் வாங்கியவர், நோர்கா என்ற மாடலையே கல்யாணமும் செய்துகொண்டவர். சொந்தப் பெயர் அல்பெர்டோ டியாஸ் குட்டியரஸ். ஹங்கேரியில் பிறந்த சினிமாக்காரர்களான கோர்டா சகோதரர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். கேட்பதற்குக் கோடாக் மாதிரி இருந்தது கூடுதல் லாபம். புரட்சியாளரை ஃபேஷன் விழுங்கிவிட்டதே என்று புலம்புகிறவர்களே, அவர் நம்மிடம் வந்து சேர்ந்ததே ஒரு ஃபேஷன் கண் வழியாகத்தான்.

1960 மார்ச் 4. பெல்ஜியத்திலிருந்து ஆயுதம் ஏற்றி வந்த லா கூப்ர் என்ற பிரெஞ்சுக் கப்பல் ஹவானா துறைமுகத்தில் வெடித்தது. 75 முதல் 100 பேர் வரை இறந்தார்கள். மறுநாள் இரங்கல் கூட்டம். மைக்கில் கியூபப் பிரதமர் ஃபிடல் காஸ்ட்ரோ, விருந்தினர் வரிசையில் பிரெஞ்சு எழுத்தாளர்கள் சார்த்தரும் சிமோன் த பொவாரும். கோர்டாவின் லைக்கா கேமரா மேடையை மேய்ந்துகொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து சே முன்னால் வந்து நின்றார். சில நொடிகள்தான். படுக்கை வசத்தில் ஒரு கிளிக், நெட்டு வசத்தில் ஒரு கிளிக். அதற்குள் ஆள் பின்னால் நகர்ந்துவிட்டார்.

அன்றைக்குச் சே பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? கியூபா தேசிய வங்கியின் தலைவர்! ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போடுவாரே, அந்த வேலை. பெசோ நோட்டில் அவர் வெறுமனே 'சே' என்றே கையெழுத்துப் போட்டார். பணத்தை ஒழிக்கக் கிளம்பியவர் என்று நாம் பனியனில் போட்டுக்கொண்டு திரிவது ஒரு பேங்க் தலைவரின் படத்தை!

முதல் வெட்டு

படுக்கை வசத்தில் எடுத்த நெகட்டிவைப் பாருங்கள். இடது ஓரத்தில் இன்னொருவரின் பக்கவாட்டு முகம், வலது ஓரத்தில் பனை ஓலை. கோர்டா இரண்டையும் வெட்டினார். ஊர், நாள், கூட்டம், சாவு எல்லாம் அதோடு போச்சு. மிச்சம் நின்றது முகம் மட்டும். வெட்டுப்பட்டவர் ஹோர்ஹே மசெட்டி, அர்ஜென்டினப் பத்திரிகையாளர். பிறகு அவரும் கெரில்லாப் படை கட்டி, 1964இல் அர்ஜென்டினாவின் சால்ட்டா காட்டுக்குள் காணாமலே போனார். அவருக்குப் பனியன் கிடையாது.

கூத்து என்னவென்றால், கோர்டா வேலை பார்த்த 'ரெவொலூசியோன்' நாளிதழ் இந்தப் படத்தை அன்று போடவே இல்லை. ஏழு வருஷம் அது ஸ்டுடியோ சுவரில் தொங்கியது. 1967இல் இத்தாலியப் பதிப்பாளர் ஃபெல்ட்ரினெல்லி வந்து கேட்க, கோர்டா இரண்டு பிரதிகளைக் காசு வாங்காமல் கொடுத்தார். அந்த அக்டோபர் 9ஆம் தேதி பொலிவியாவில் சே சுட்டுக் கொல்லப்பட்டார். உடனே இத்தாலியில் போஸ்டர் அச்சாகிப் பறந்தது. கோர்டாவுக்கு ஒரு லீராகூட வரவில்லை.

இரண்டாம் வெட்டு, மூன்றாம் வெட்டு

1968இல் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அயர்லாந்து ஓவியர் படத்திலிருந்த சாம்பல் நிறத்தை எல்லாம் துடைத்தெடுத்தார். கருப்பு, சிவப்பு, நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். பார்வையையும் லேசாக மேலே தூக்கிவிட்டார். காப்புரிமை கேட்கவில்லை, முயல்குட்டி மாதிரிப் பெருகட்டும் என்பதே அவர் ஆசை. பெருகியது!

ஏன் பெருகியது என்பதைத் திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவர் ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடுவார். டிசைனில் எத்தனை நிறமோ அத்தனை ஸ்கிரீன் போட வேண்டும். நாலு கலர் என்றால் நாலும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். பிசகினால் பீஸ் ரிஜெக்ட். நட்சத்திர மஞ்சளையும் வெட்டிவிட்டால், அதுதான் மூன்றாம் வெட்டு, சே முகத்துக்கு ஒரே ஸ்கிரீன், ஒரே மை. ஸ்கிரீன் சட்டத்தைச் சிவப்பு பனியன் மேல் இறக்கி, ஸ்குவீஜியால் ஒரு இழுப்பு இழுத்துத் தூக்கினால் தாடியோடு சே ரெடி! அப்படியே சூட்டுக்குள் அனுப்பி மையைக் காயவைத்தால் அடுத்த பீஸ். இவ்வளவு மலிவாகவும் சுலபமாகவும் அச்சாகிற முகம் கிடைத்தால் எந்த வியாபாரி விடுவார்?

கடைசி வெட்டு கடையில்

கடைக்காரர் வெட்டுவது வரலாற்றை. 1959இல் லா கபானா கோட்டைக்குத் தளபதியாக இருந்தவர் சே. புரட்சி நீதிமன்றம் விதித்த மரண தண்டனைகளை உறுதிசெய்ததும் அவரே. மயாமியில் குடியேறிய கியூபர்களுக்கு அந்தப் பனியன் ஆறாத புண். அவர் கொல்லப்பட்ட லா இகுவேராவிலோ அவரைப் புனிதராக வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். வெறுப்பையும் பக்தியையும் ஒருசேரக் கழற்றிப் போட்ட பிறகுதான் விலைச்சீட்டு தொங்கும்.

2002இல் சாவோ பாவ்லோ ஃபேஷன் வாரத்தில் பிரேசில் மாடல் ஜிசெல் புண்ட்சன் சே முகம் போட்ட பிகினியில் நடந்தார். 2012இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் விழாத் திரையில் சேவின் தொப்பி நட்சத்திரத்தை எடுத்துவிட்டுத் தன் நட்சத்திரத்தை வைத்தது. எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டது. சே மட்டுமா? 2007இல் ஹாலிவுட் நடிகை கேமரூன் டயஸ் சிவப்பு நட்சத்திரமும் சீனத் தலைவர் மாவோவின் முழக்கமும் போட்ட பையை மாட்டிக்கொண்டு பெருவுக்குப் போனார். மாவோ பெயரைச் சொல்லித் தொடங்கிய உள்நாட்டுப் போரில் சுமார் 70,000 உயிர்களை இழந்த நாடு அது. பாவம், பையை வாங்கியபோது அந்தக் கணக்கு அதில் எழுதியிருக்கவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்டார்.

கோர்டாவுக்குக் கோபம் வந்தது ஒரு வோட்கா விளம்பரத்தால். பனியன், போஸ்டரையெல்லாம் பொறுத்துக்கொண்டவர், சாராயம் விற்கச் சே எதற்கு என்று 2000இல் வழக்குப் போட்டார். சமரசத்தில் வந்த 50,000 டாலரைக் கியூபக் குழந்தைகளின் மருந்துக்குக் கொடுத்துவிட்டார்.

மேக்கப் ரூமை விட்டு வெளியே வரும் முன் ஒரு விளையாட்டு. இந்த முகத்தில் கை வைத்தவர்கள் எல்லாம் எதையாவது வெட்டி எடுத்தார்கள். ஃபிட்ஸ்பேட்ரிக்கோ வெட்டியது போக ஒன்றைச் செருகியும் வைத்தார்: தோளில், தன் குடும்பப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தான எஃப், திருப்பிப் போட்டபடி. காப்பியடித்த பலர் அதையும் விடாமல் காப்பியடித்திருக்கிறார்கள். உங்கள் பனியனை எடுத்துத் தோளைத் தேடுங்கள். எஃப் கிடைத்தால், போட்டிருப்பது யார் படம் என்று கேட்பவரிடம் இரண்டு பெயர் சொல்லலாம்!