ஒப்புநிலையும் உச்சநிலையும்: ஆங்கிலமும் தமிழும்

ஸ்ரீ விஜயபுரம் எனப் 2024ஆம் ஆண்டில் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் அபர்டீன் பஜார் ஒரு பன்மொழிக் கடைவீதியாகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகியவை மிகுதியானோரின் தாய்மொழிகள். பொதுமொழியாக இந்தி வழங்குகிறது. 'அதனினும் மலிவு', 'எல்லாவற்றினும் மலிவு' என்னும் வேறுபாடு எந்தக் கடைவீதியிலும் எழுவதே. இதனை ஆங்கிலம் சொல்லின் ஈற்றிலும் தமிழ் தொடரமைப்பிலும் உணர்த்துகின்றன. மொழிபெயர்ப்பாளர் இடறுமிடம் இதுவே.

ஆங்கிலத்தில் 'ஹையர்' என்னும் ஒப்புநிலை 'ஹையஸ்ட்' என உச்சநிலையாகும். நீண்ட பெயரடைகள் 'மோர்', 'மோஸ்ட்' என்பவற்றை முன்னே பெறும். எனினும் ஈறு மாற்றம் மட்டும் போதாது. வட அந்தமானின் சாடில் சிகரம் (732 மீட்டர்) பெரிய நிக்கோபாரின் துல்லியர் சிகரத்தைவிட (642 மீட்டர்) உயர்ந்தது. இக்கூற்றிலிருந்து மட்டும் உச்சநிலையைப் பெற இயலாது. 'இத்தீவுகளின் வேறெந்தச் சிகரத்தையும்விட உயர்ந்தது' என்பதே உச்சநிலைக்கு நிகரானது. 'வேறு' எனப் பொருள்படும் 'அதர்' இங்கு இன்றியமையாதது. அதனை நீக்கின் சிகரம் தன்னினும் உயர்ந்ததாகிவிடும். உச்சநிலைத் தொடரிலோ ஒப்பிடப்படும் பொருளும் தொகுதியினுள் அடங்குவதால் அச்சொல் நீங்குகிறது.

தமிழில் இவற்றிற்குத் தனி ஈறுகள் இல்லை. ஒப்பு, நன்னூல் கூறும் ஐந்தாம் வேற்றுமைப் பொருள்களுள் ஒன்று. 'அதனின் உயர்ந்தது' ஒப்புநிலை. 'எல்லாவற்றினும் உயர்ந்தது' உச்சநிலை. இந்தியின் 'சப்ஸே' என்பதும் இவ்வமைப்பினதே. ஆதலின் கடைவீதி இந்தியில் உச்சநிலை தமிழர்க்கு அயலாகத் தோன்றுவதில்லை.

இடர் தருவது 'மிக' என்னும் அடையாகும். 'மிகக் குறைந்த விலைப்புள்ளி ஏற்கப்படும்' என ஓர் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு கூறின், அது பெரிதும் குறைந்ததையும் குறிக்கலாம். அனைத்தினும் குறைந்ததையும் குறிக்கலாம். முன்னது பலவாக இருக்கக்கூடும். பின்னதற்கு மேற்பட்ட குறைவு இல்லை. வழக்கு எழக்கூடிய இத்தகைய ஆவணங்களில் 'எல்லாவற்றினும் குறைந்த' என எழுதுதலே தெளிவு. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் 'ஆகக் குறைந்த' என்பதும் இவ்வையத்தைப் போக்கும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்கையில் இடர் வேறு. 'இருவருள் மூத்தவர்', 'மூவருள் மூத்தவர்' ஆகிய இரண்டிலும் தமிழ் வடிவம் ஒன்றே. ஆங்கில இலக்கணம் முன்னதற்கு ஒப்புநிலையையும் பின்னதற்கு உச்சநிலையையும் விதிக்கிறது. ஆகவே ஒப்பீட்டின் எல்லையை முதலில் வரையறுத்து, அதன்பின் வடிவத்தைத் தெரிதலே மொழிபெயர்ப்பாளருக்குரிய முறையாகும்.