ஸ்கெலட்டனும் நராச்சியும்

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்றொரு பகுதி உண்டு. பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் "எலும்புக்கூடா?" என்று சிரிப்பார்கள். நான் வளர்ந்த இடம் அது. இப்போது சிரிப்பதில்லை, "ராக்கி பாய் ஊரா?" என்று கேட்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளே அப்படிக் கேட்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

பிரசாந்த் நீல் இயக்கிய கே.ஜி.எஃப். படத்தின் முதல் பாகம் 2018-லும் இரண்டாம் பாகம் 2022-லும் வந்தன. படத்தின் சுரங்க ஊர் நராச்சி. 1951-இல் அங்கே தங்கம் கிடைக்கிறதாம். சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்று சொல்லி மறைக்கிறார்களாம். மக்களைக் கடத்தி வந்து அடிமையாக வைக்கிறார்களாம். கதைதானே, இருக்கட்டும். ஆனால் படத்தில் அடிமைகள் சாகும் அந்த எழுபதுகளில், உண்மைச் சுரங்கம் அரசுடைமையாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. 1956-இல் மைசூர் அரசு ஏற்றது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. எங்கள் அப்பாக்கள் சம்பளச் சீட்டும் வருங்கால வைப்பு நிதியும் உள்ள தொழிலாளிகள்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வடஆர்க்காட்டிலிருந்து திரளாக வந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். பண்ணையடிமைத்தனத்தை விட்டு, காசாகக் கூலி கிடைக்கும் என்று வந்தவர்கள். அதாவது, அடிமையாக வரவில்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தார்கள். படம் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது.

கம்பெனி ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஒற்றை அறைத் தட்டி வீடுகள். பூமிக்கடியில் பாறை வெடிப்பு. நுரையீரலைத் தின்னும் கல்தூசி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. 1930-இல் கைரேகை பதியச் சொன்னபோது தொழிலாளர் திரண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காகப் போராட வெளியிலிருந்து எந்த ராக்கியும் வரவில்லை.

அந்த லைன் வீட்டு மக்கள்தான் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை கண்டவர்கள். அவர் நூல்களைப் பதிப்பித்துக் காத்தது தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை. ஷிஃப்ட் முடிந்து வந்து வாசித்தவர்கள் இல்லாமல் ஒரு பதிப்பகம் எப்படி நிற்கும்? இப்படி ஒரு காட்சியை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

2024-இல் வந்த பா. ரஞ்சித்தின் தங்கலான் கொஞ்சம் நெருங்கி வந்தது. வடஆர்க்காட்டு மக்கள், நிலம் பறிபோன வலி, தங்கத்தின் மேல் வைத்த நம்பிக்கை எல்லாம் அதில் உண்டு. மாயமந்திரம் கொஞ்சம் தூக்கல்; விக்ரம் நடிப்பில் குறை சொல்ல வாயில்லை. ஆனால் அது சுரங்கம் தொடங்குவதற்கு முந்தைய கதை. லைனும் சங்கும் ஷாஃப்டும் அதில் வராது.

கே.ஜி.எஃப். படத்தில் சாம்பல் நிறத்தில் தெரியும் மேடுகள் மட்டும் நிஜம். அவை எங்கள் சயனைட் மலைகள்: தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கல்மாவு. காற்றடித்தால் சோற்றிலும் அந்தத் தூசிதான்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். லைன் வீடுகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்புகிறார்கள்.