பட்டம் எழும்பும் முன்னே

பட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவன எவை? மூங்கில் ஈர்க்கு, வண்ணத்தாள், கொஞ்சம் பசை, ஒரு நூற்கண்டு. காற்று மிஞ்சினால் நூல் அறுந்துவிடும். பட்டம் எங்கேனும் ஒரு தென்னை மரத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நமக்கு நேரும் இழப்பு சில ரூபாய்தான்.

ஆனால் வேறொரு வகைப் பட்டமும் உலகில் உண்டு. அதன் கயிறு எளிதில் அறுவதில்லை. காற்று மிஞ்சினால் அது தன்னைப் பிடித்திருப்பவரையே இழுத்துக்கொண்டு போய்விடும். ‘பவர் கைட்’ எனப்படும் அதனை நாம் இழுவைப் பட்டம் என்று அழைக்கலாம். காலில் பலகையைப் பூட்டிக்கொண்டு கடல் அலைமேல் சறுக்கவும், மூன்று சக்கர வண்டியில் அமர்ந்து மணல்வெளியில் ஓடவும், பனிமீது வழுக்கிச் செல்லவும் இப்பட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அண்மையில் இலங்கையின் கற்பிட்டிக் கடற்கரை இவ்விளையாட்டுக்குப் பெயர் பெற்றது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கின் ஒரு பகுதியாக மார்செய் நகரக் கடலில் இது முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக நடைபெற்றது. பெண்கள் பிரிவில் பிரிட்டனைச் சேர்ந்த எல்லி ஆல்ட்ரிட்ஜ் தங்கப் பதக்கம் வென்றார்.

இத்தகைய பட்டத்தை எழுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் யாவை, விபத்துகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றை எவ்வாறு தடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பள்ளி ஆசிரியர் கண்ட வண்டி

இழுவைப் பட்டத்தின் வரலாறு ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் போகாக் என்றோர் ஆசிரியர் இருந்தார். பட்டத்தின் வலிமையை ஆராய்வதில் அவருக்குத் தணியாத ஆர்வம். 1824-ல் தம் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் அமர்த்திப் பட்டத்தின் உதவியால் வானில் உயர்த்தினார். 1826-ல், குதிரைக்குப் பதிலாகப் பட்டங்கள் இழுத்துச் செல்லும் வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் இங்கிலாந்தின் சாலைகளில், வண்டியை இழுக்கும் விலங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சுங்கம் வாங்குவார்கள். விலங்கே இல்லாத இவ்வண்டிக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் சுங்கக்காரர் விழித்தனராம்! அன்று வானேறிய மார்த்தாதான் பிற்காலத்தில் கிரிக்கெட் உலகம் போற்றிய டபிள்யூ. ஜி. கிரேஸின் தாயார்.

போகாக்கின் பட்டத்துக்கு நான்கு கயிறுகள் இருந்தன. அவற்றைக் கொண்டு பட்டத்தைத் திருப்பவும் அதன் விசையைக் கூட்டவும் குறைக்கவும் அவரால் முடிந்தது. இன்றைய இழுவைப் பட்டங்களில் பலவும் நான்கு அல்லது ஐந்து கயிறு கொண்டவையே. விசையைக் குறைக்க வழி வைத்துக்கொண்டே விசையைத் தேடவேண்டும் என்பதை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த ஆசிரியர் உணர்ந்திருந்தார்.

காற்றின் கணக்கு

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் காற்றைத் தம் சகோதரன் என்று அழைத்துப் பாடினார். சகோதரன்தான், ஆனால் நம்மைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள சகோதரன். அவ்வலிமையை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பைத் தள்ளும் விசை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமம். காற்றின் வேகம் 36 கி.மீ. ஆனால் அது 3 கிலோ ஆகும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மையில் 6 கிலோ ஆகிறது! வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. 5 சதுர மீட்டர் பட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதற்காற்றில் அதன் இழுப்பு ஏழரைக் கிலோ. ஒரு சிறுமிகூடத் தாங்கிவிடுவாள். இரண்டாவது காற்றில் 30 கிலோ.

இது பட்டம் ஓரிடத்தில் நிற்கும்போது உள்ள கணக்கு. பட்டம் வானில் குறுக்கே பாயும்போது தன் ஓட்டத்தாலும் ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. காற்றைப்போல் இரு மடங்கு வேகத்தில் அது பாய்ந்தால் விசை ஐந்து மடங்காகும். அப்போது அந்த 30 கிலோ 150 கிலோ ஆகிவிடும். இவை உத்தேசக் கணக்குகளே. ஆயினும், “சற்று முன்பு நன்றாகத்தானே பறந்தது!” என்று விபத்துக்குப் பின் பலர் வியப்பதற்குரிய காரணம் இவற்றில் அடங்கியிருக்கிறது.

பட்டம் வானில் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவரின் நேர் எதிரே, தாழ்வாக உள்ள நடுப்பகுதியில்தான் இழுப்பு மிகுதி. தலைக்கு நேர் மேலேயும், இடம் வலம் ஆகிய ஓரங்களிலும் இழுப்புக் குறைவு. ஆகவே பட்டத்தை நடுவில் வைத்து எழுப்பலாகாது. ஓரத்தில் வைத்து மெல்ல எழுப்பித் தலைக்கு மேலே கொண்டுவர வேண்டும்.

இரு நிகழ்ச்சிகள்

2020 ஆகஸ்டு 30 அன்று தைவான் நாட்டின் சின்சூ நகரில் பட்டத் திருவிழா நடந்தது. மிகப் பெரிய பட்டம் ஒன்று எழும்பும் வேளையில், அதன் நீண்ட வால் அருகில் நின்ற 3 வயதுச் சிறுமியின் உடலில் சுற்றிக்கொண்டது. மறுகணம் குழந்தை கூட்டத்தின் தலைக்கு மேலே வெகு உயரத்தில் சுழன்றாள். கீழே நின்றவர்கள் பட்டத்தை இறக்கி அவளைப் பிடித்துக்கொண்டார்கள். சிறு காயங்களோடு அவள் பிழைத்தது இறையருளே.

அடுத்த ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் மற்றொன்று நிகழ்ந்தது. அண்டை ஊரான வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் நாளில் நடக்கும் பட்டப் போட்டி புகழ்பெற்றது. அப்பகுதி இளைஞர் ஆளுயரத்தை மிஞ்சிய பட்டங்களைக் கட்டுவதில் வல்லவர். அன்று இளைஞர் சிலர் கூடிப் பெரும் பட்டம் ஒன்றைக் கயிற்றால் பிடித்து எழுப்பினர். பட்டம் வேகமாக இழுக்கவே மற்றவர்கள் கையை விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. கயிற்றோடு அவரும் மேலே போனார். ஏறக்குறைய 30, 40 அடி உயரத்தில் தொங்கிய அவர், பட்டம் தாழ்ந்தபின் கீழே விழுந்து உயிர் தப்பினார்.

இவை விளையாட்டுக்கான இழுவைப் பட்டங்கள் அல்ல, திருவிழாப் பட்டங்கள். எனினும் இரண்டும் நமக்கு ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன. ஆபத்து நேர்ந்தது பட்டம் நடுவானில் உலவியபோது அல்ல. எழும்பிய அந்தச் சில நொடிகளில். சின்சூவில், நிற்கக்கூடாத இடத்தில் ஒரு குழந்தை நின்றாள். பருத்தித்துறையில், எப்போது கையை விடுவது என்பது எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. இவ்விரண்டையும் சரிசெய்திருக்கக்கூடிய நேரம் பட்டம் தரையில் கிடந்த நேரமேயாகும்.

தரையில் செய்யவேண்டிய சோதனைகள்

1. இடம். காற்று போகும் திசையில் குறைந்தது கயிற்றின் நீளத்தைப்போல் இரு மடங்கு தூரம் வெறுமையாக இருக்கவேண்டும். அங்கே மனிதர், மதில், மரம், பாறை, சாலை எதுவும் ஆகாது. மின்கம்பி கண்ணில் படும் இடத்தை விட்டே விலகவேண்டும். கட்டடத்துக்கும் தோப்புக்கும் பின்புறம் காற்று சுழன்று குழம்புவதால் அங்கேயும் பட்டத்தை எழுப்பலாகாது. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது தண்ணீரில் இறங்குவது கூடவே கூடாது. கரைக்குத் திரும்ப வழி இராது.

2. வானிலை. கருமேகம் திரண்டாலோ இடி கேட்டாலோ அன்று பட்டம் வேண்டாம். மழைக்கு முன் திடீரென்று அடிக்கும் காற்று ஒரு நொடியில் இரு மடங்காகும்; நனைந்த கயிற்றிலோ மின்னல் இறங்கும். காற்றை அளக்கக் கருவி இல்லாவிட்டால் மரங்களைப் பார்க்கலாம். 1805-ல் கடற்படை அதிகாரி பியூபோர்ட் வகுத்த முறையின் பிற்கால விளக்கத்தின்படி, இலைகளும் குச்சிகளும் ஓயாது அசைந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ. புழுதியும் காகிதமும் பறந்தால் 20 முதல் 28 கி.மீ. சிறு மரங்களே ஆடினால் அதற்கும் மேல். புழுதி பறக்கத் தொடங்கியதுமே, புதிதாகக் கற்பவர் பட்டத்தை மடித்து வைத்துவிடுவது நலம்.

3. பட்டமும் கயிறும். கிழிசல், தையல் பிரிவு, கயிற்றில் முடிச்சு, தேய்வு ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். கயிறுகளின் நீளம் ஒத்திருக்கிறதா, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டனவா, இடம் வலம் மாறி மாட்டப்பட்டனவா என்று பட்டம்வரை நடந்து சென்று பார்க்கவேண்டும். நம் பட்டத்துக்கு முச்சை பிழைத்தால் அது குத்திக்கொண்டு விழும். இழுவைப் பட்டத்தில் ஒரு கயிறு மாறினால், எழுந்த மறுகணமே கட்டுக்கடங்காமல் சுழன்று முழு விசையோடு இழுக்கும். காத்திருக்கும் பட்டத்தின்மீது மணலை அள்ளி வைத்துப் பறக்காமல் செய்யவேண்டும்.

4. கை, கழுத்து, கால். மாஞ்சா கயிறு சாலையில் போவோரின் கழுத்தை அறுத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். இழுவைப் பட்டத்தின் கயிற்றில் கண்ணாடித்தூள் இல்லை. ஆயினும் மெல்லியதாய், உறுதியாய், விறைப்பாய் இருப்பதால் அதுவும் கத்தியே. அதனைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. ஓடும் கயிற்றைப் பிடிக்கலாகாது. தரையில் கிடக்கும் கயிற்றைத் தாண்டி நடக்கலாகாது. தலைக்கவசம் அணியவேண்டும். வேடிக்கை பார்ப்போர் அனைவரும் பட்டம் விடுபவரின் பின்புறத்தில் நிற்கவேண்டும். குழந்தைகளின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்திருக்கவேண்டும்.

5. துணையும் சைகையும். பட்டத்தைத் தாங்கி நிற்கும் தோழியும் கயிற்றைப் பிடித்திருப்பவரும் முன்கூட்டியே சைகைகளைப் பேசிக்கொள்ளவேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் விடு. கையைத் தலைக்கு மேல் குறுக்கே அசைத்தால் நிறுத்து. சைகை வராமல் பட்டத்தை விடலாகாது. விடும்போதும் எறியாமல், மெல்லக் கையை எடுத்தால் போதும்.

6. விடுவிக்கும் பொறி. எல்லாச் சோதனைகளிலும் தலையாயது இதுவே. பட்டம் விடுபவரின் இடுப்புவாரில் ஒரு பொறி உண்டு. அதனைத் தள்ளினால் பட்டம் தன் விசையை இழந்து, ஒற்றைக் கயிற்றில் துணிபோலத் துவண்டு விழும். அதுவும் போதாவிட்டால் அந்தக் கடைசிக் கயிற்றையும் கழற்றிவிட இன்னொரு பொறி உண்டு. மணலோ உப்போ அடைத்துக்கொண்டிருந்தால் பொறி வேலை செய்யாது. ஆகவே ஒவ்வொரு முறையும் பட்டத்தை மாட்டும் முன் அதனை இயக்கிப் பார்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டாலும் கை தானாகவே அதனிடம் போகும்வரை பழகவேண்டும்.

இறுகப் பிடிப்பதும் விடுவதும்

இவ்வளவு பழக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அச்சம் வந்ததும் மனிதர் செய்யும் முதற்செயல் கையில் உள்ளதை இறுகப் பிடிப்பதுதான். பிறந்த குழந்தையும் அதையே செய்கிறது. இழுவைப் பட்டத்திலோ கைப்பிடித் தண்டைத் தன்பால் இழுத்தால் விசை கூடும், விட்டால் குறையும். அஞ்சியவர் இறுகப் பிடிக்கிறார். பிடிக்கப் பிடிக்கப் பட்டம் மேலும் இழுக்கிறது. இழுக்க இழுக்க அச்சம் வளர்கிறது. இந்தச் சுழலிலிருந்து மீள அந்த நொடியில் யோசிக்க முடியாது. முன்பே யோசித்து, முன்பே முடிவு செய்து, கைக்குப் பழக்கிவிட வேண்டும். “கால் தரையை விட்டு எழுந்தால், பட்டம் சொன்னபடி கேளாவிட்டால், நாம் விட்டுவிடுவோம், பட்டம் போனால் போகட்டும்” என்ற உறுதி, பட்டம் தரையில் இருக்கும்போதே நம்மிடம் இருக்கவேண்டும். பட்டத்தின் விலையை எண்ணித் தயங்குகிறவர் பட்டத்தைத் தொடாதிருப்பதே நல்லது.

பெற்றோருக்கு ஒரு சொல்

இதைப் படிக்கும் பெற்றோர், “பெண்பிள்ளைக்கு இந்த வீண் விபரீதம் எதற்கு?” என்று கேட்கக்கூடும். அவர்கள் அச்சம் அன்பிலிருந்து பிறந்தது. அதனை நாம் மதிக்கிறோம். ஆனால் தடுப்பதும் காப்பதும் ஒன்றல்ல. நீந்தக் கற்ற பெண் தண்ணீரில் பாதுகாப்பாக இருக்கிறாள். குளத்துப் பக்கமே போகாதே என்று மட்டும் கேட்டு வளர்ந்தவளோ, ஒரு நாள் கால் தவறினால் என்ன செய்வாள்? இவ்விளையாட்டைத் தகுதிபெற்ற பயிற்சியாளரிடம், சிறு பட்டத்தில், மென்காற்றில், நிலத்தில் தொடங்கிக் கற்கவேண்டும். தனியாக முயலக்கூடாது. “துணிச்சல் இருக்கிறதா?” என்று மகளைக் கேட்பதைவிட, “எல்லாவற்றையும் சோதித்தாயா?” என்று கேட்பதே அவளுக்கு நாம் தரும் பெரிய காவல்.

பயணம் புறப்படுமுன் காவல் தூதரை வேண்டிக்கொள்வது நம் இல்லங்களின் வழக்கம். அவ்வழக்கம் என்றும் நிலைக்கட்டும். அதனோடு, கயிற்றைத் தடவிப் பார்க்க விரல்களையும், மேகத்தை நோக்கக் கண்களையும், வேண்டாம் என்று சொல்ல நாவையும் அதே இறைவன்தான் நமக்குத் தந்திருக்கிறார் என்பதையும் மறவாதிருப்போம். காற்று நாளையும் வீசும். இன்று நிலைமை சரியில்லை என்று பட்டத்தை மடித்துக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணைக் கோழை என்று எவரும் சொல்லவேண்டாம். நாளைக்குப் பறக்கவிடப் போகிறவள் அவளே!