முட்டை ஓடு குப்பையல்ல

வீட்டின் புறக்கடையில் நான்கைந்து பெட்டைக் கோழிகள் மேய்வது தமிழகக் கிராமங்களில் இன்றும் மறையாத காட்சி. மீந்த சோறு, காய்கறித் தோல், நொய், தவிடு ஆகியவற்றை உண்டு வளரும் இக்கோழிகள் பெரிய செலவு வைக்காமல் முட்டை தருகின்றன. அவற்றை விற்றுவரும் சிறு தொகை, பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணின் கைக்கே நேராகச் சேரும் வருமானம். அண்மைக் காலமாக நகரங்களில் மொட்டை மாடியில் கோழி வளர்ப்போரும் உண்டு.

நன்றாக முட்டையிட்டு வந்த கோழி, திடீரென ஓடு மெலிந்த முட்டைகளை இடத் தொடங்கும். பின்னர் ஓடே இல்லாத தோல் முட்டை வரும். நாளடைவில் கால் தளர்ந்து நடை தடுமாறும். கோழிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்து, கிடைத்த விலைக்கு அதை விற்றுவிடுகிறோம். ஆனால், இவை பெரும்பாலும் முதுமையின் அறிகுறிகள் அல்ல. சுண்ணாம்புச் சத்துக் குறைவின் அறிகுறிகள். அந்தச் சத்தை நாம்தான் அன்றாடம் குப்பையில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள முட்டையின் ஓடு 5 முதல் 6 கிராம் எடை கொண்டது. அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். அதாவது, ஒவ்வொரு முட்டையுடனும் சுமார் 2 கிராம் கால்சியம் கோழியின் உடலைவிட்டு வெளியேறுகிறது. நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் இழப்பு சற்றுக் குறையும். நாம் போடும் 100 கிராம் அரிசியில் இருப்பதோ சுமார் 10 மில்லிகிராம் கால்சியம். தானியங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது எனப் போற்றப்படும் கேழ்வரகைக் கொண்டு ஈடு செய்ய முயன்றால்கூட, ஒரு முட்டைக்கு அரை கிலோவுக்கு மேல் தேவைப்படும். எந்தக் கோழியாலும் ஒரு நாளில் அவ்வளவு தின்ன இயலாது.

அப்படியானால், குறையும் கால்சியத்தைக் கோழி எங்கிருந்து எடுக்கிறது? தன் எலும்பிலிருந்து. கருப்பையில் ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி கோழி இரையெடுக்காத இரவு வேளை. அந்நேரத்தில் குடலில் சுண்ணாம்பு இல்லையெனில், எலும்பில் சேமித்து வைத்திருப்பதைக் கரைத்து ஓட்டைக் கட்டுகிறது. தொடர்ந்து முட்டையிடும் கோழிக்கு அச்சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். தோல் முட்டையும் கால் தளர்ச்சியும் அதன் விளைவுகளே.

இதற்கான எளிய மருந்து அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. முட்டை ஓடுகளைக் கழுவி, கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்து, வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அழிய இந்தச் சூடு அவசியம். பிறகு, குருணை அளவுக்கு நொறுக்கினால் போதும். மாவாக அரைக்க வேண்டியதில்லை. சற்றுப் பெரிய துணுக்குகள் கோழியின் அரைவைப் பையில் தங்கி இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கரைந்து, ஓடு உருவாகும் வேளையில் உதவும். ஆனால், முட்டையின் வடிவம் தெரியுமாறு பாதி ஓடாகப் போடக்கூடாது. முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம் கோழிக்கு வந்தால் அதை மாற்றுவது கடினம்.

நொறுக்கிய ஓட்டைத் தீவனத்துடன் கலக்காமல், தனிக் கிண்ணத்தில் பிற்பகலில் வைப்பது நல்லது. தேவைப்படும் கோழி தானே வந்து கொத்தும். சேவலுக்கும் குஞ்சுகளுக்கும் இவ்வளவு சுண்ணாம்பு தேவையில்லை. வளரும் குஞ்சுகளுக்கு மிகுதியான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உண்ணும் கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பதால், ஒரு முட்டைக்கு ஓர் ஓடு என்பது ஈடாகாது. கடையில் வாங்கும் முட்டைகளின் ஓடுகளையும், நொறுக்கிய கிளிஞ்சலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சத்தை உடல் ஏற்க வெயிலும் வேண்டும் என்பதை மாடியில் கூண்டுக்குள் கோழி வளர்ப்போர் மறக்கலாகாது.

சமையலறை மிச்சங்களைப் பொருத்தவரை இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, அவை துணை உணவு மட்டுமே. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் வேண்டும். சோற்றில் அது மிகச் சொற்பம். திறந்த வெளியில் மேயும் கோழி கரையானும் புழுவும் கொத்தி இக்குறையை ஓரளவு தீர்த்துக்கொள்கிறது. அடைத்து வைக்கப்பட்ட கோழிக்கு அந்த வழி இல்லை. எனவே, அதன் உணவில் மிச்சங்கள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், மற்றது சரிவிகிதத் தீவனமாக இருப்பதே நலம்.

இரண்டாவது, எதைப் போடுகிறோம் என்பதில் கவனம். ஊறுகாய், கருவாடு போன்று உப்பு மிகுந்தவையும், பச்சை நிறம் படர்ந்த உருளைக்கிழங்குத் தோலும் கூடாது. பூஞ்சணம் பிடித்த எதுவும் அறவே கூடாது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம், தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு என்பது பின்னர் தெரியவந்தது.

கடையில் வாங்கிய கோழி இறைச்சியின் பச்சைக் கழிவையும், அதைக் கழுவிய நீரையும் புறக்கடையில் கொட்டும் வழக்கம் இவற்றினும் கொடியது. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயின் வைரஸ் இவ்வழியாக வந்து, தடுப்பூசி போடாத கோழிகளைச் சில நாள்களில் அழித்துவிடக் கூடும். பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டு கோமாரி நோய் பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. சூடாக்கிப் பதப்படுத்தாத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குக் கொடுத்ததே அதன் தொடக்கம் எனக் கருதப்பட்டது. அங்கு இன்று வீட்டுச் சமையலறைக் கழிவைக் கோழிகளுக்குப் போடுவதற்கே சட்டம் தடை விதிக்கிறது. நம் நாட்டுக்கு அத்தகைய தடை பொருந்தாது. ஆனால், அதன் பின்னுள்ள அச்சம் நமக்கும் பாடமாக வேண்டும்.

தமிழகத்தின் சத்துணவு மையங்களில் பள்ளி நாள்களில் குழந்தைகளுக்கு வேகவைத்த முட்டை வழங்கப்படுகிறது. அந்த ஓடுகள் ஏற்கெனவே கொதிநீரில் வெந்தவை. உலர்த்தி நொறுக்கினாலே போதும். அவற்றைக் குப்பையில் சேர்க்காமல், ஊரில் கோழி வளர்க்கும் பெண்களிடமோ மகளிர் சுய உதவிக் குழுக்களிடமோ அளிக்க உள்ளாட்சிகள் ஏற்பாடு செய்யலாம். புதிதாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாளியும் சிறிது அக்கறையும் போதும்.

கோழி தரும் முட்டையை நாம் எடுத்துக்கொள்கிறோம். அதன் ஓட்டையாவது கோழிக்குத் திருப்பித் தருவதே நியாயம். தராவிட்டால், அது தன் எலும்பை உருக்கித்தான் நமக்கு அடுத்த முட்டையைத் தர வேண்டியிருக்கும்.